பாதி சீசனில் ஓர் ஆட்டக்காரனின் விலை

நம்ம பக்கத்தில் ‘சீசன்’ என்றால் குற்றாலம்தான். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் யாரைப் பார்த்தாலும் “சீசன் எப்படி இருக்கு?” என்றுதான் கேட்போம். அந்த நினைப்பில் பேரனிடமும் கேட்டேன். “பாதி முடிஞ்சிட்டு தாத்தா, என் டீம் நாலாவது இடம்” என்றான். அவன் சொன்னது டி.என்.பி.எல். கிரிக்கெட் சீசனை.

அவனும் அவன் கூட்டாளிகளும் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒரு கற்பனை அணி. உண்மையான ஆட்டக்காரர்களை ஏலம் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். மைதானத்தில் அவர்கள் எடுக்கிற ஓட்டமும் விக்கெட்டும் இவர்கள் நோட்டில் புள்ளிகளாக ஏறும். காசு கிடையாது. காசு வைத்து செயலிகளில் ஆடுவதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டே நிறுத்திவிட்டது, நல்லதுதான். ஆனால் நோட்டில் ஆடும் பிள்ளைகளை ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்பதால், சீசன் பாதியில் ஆளை மாற்றிக்கொள்ளும் நேரம் வந்தால் ஆலோசனைக்கு என்னிடம்தான் வருவான்.

இது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அமெரிக்கா போய் நின்றேன். 1980-ல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகைக்காரரும் நண்பர்களும் பேஸ்பாலை வைத்து ஆரம்பித்தார்கள். கூடிப் பேசிய உணவகத்தின் பெயரையே ‘ரொட்டிசெரி லீக்’ என்று வைத்துக்கொண்டார்கள். ஓர் அணிக்கு 260 டாலர், அதற்குள் 23 ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க வேண்டும். மறு வருஷமே பேஸ்பால் ஆட்டக்காரர்கள் சீசன் நடுவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத ஒன்றும் இல்லாத விளையாட்டு நிருபர்கள் இந்தக் கற்பனை லீக்கைப் பற்றி எழுத, ஊரெல்லாம் பரவியது. ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஓக்ரெண்ட் தம் லீக்கில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பது தனி வேடிக்கை.

இதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. பேஸ்பாலில் ஒவ்வொருவர் கணக்கையும் கட்டம் போட்டு எழுதும் முறையை 1859-ல் கொண்டுவந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர், அமெரிக்காவில் கிரிக்கெட் நிருபராக இருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் அதைச் செய்தார். கிரிக்கெட்டிலிருந்து போன கணக்கு கற்பனை அணியாகி, திரும்பக் கிரிக்கெட்டுக்கே வந்திருக்கிறது.

சரி, பாதி சீசனில் ஒருவனை எப்படி மதிப்பது? எல்லோரும் முதலில் பார்ப்பது இதுவரை எடுத்த புள்ளியை. அங்கேதான் ஏமாறுகிறோம். எடுத்த புள்ளி, அவனை ஏற்கெனவே வைத்திருந்தவன் கணக்கில் ஏறியாயிற்று. இன்றைக்கு வாங்குகிறவனுக்குக் கிடைக்கப்போவது மிச்சம் மட்டும்தான்.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட சாட்சியே இருக்கிறது. 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஐ.பி.எல்.லில் அப்போது அவர் சம்பளம் 20 லட்சம்! ஆறு ஆட்டத்தில் 371 ஓட்டம் அடித்தார். அந்த நேரத்தில் நோட்டு வைத்திருந்த எந்தப் பையனும் அவருக்காகத் தன் அணியில் பாதியைக் கொடுத்திருப்பான். ஆனால் ஜூலையில் இந்திய ‘ஏ’ அணியோடு அவர் கொழும்புக்குப் போய்விட்டார். மிச்சம் பூஜ்யம். கடைசியில் ஓட்டப் பட்டியலில் முதலிடம் 385 ஓட்டம் எடுத்த நெல்லை அணியின் அஜிதேஷுக்கு. இறுதி ஆட்டம் நம்ம சங்கர் நகர் சிமெண்டு கம்பெனி மைதானத்தில்தான் நடந்தது. சுதர்சன் இல்லாமலேயே கோவை 104 ஓட்ட வித்தியாசத்தில் நெல்லையைத் தோற்கடித்தது. அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது சங்கதி நுட்பமானது. எஃப்ரான், மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1970 பேஸ்பால் சீசனில் 18 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் முதல் 45 தடவை மட்டை பிடித்ததில் எத்தனை முறை சரியாக அடித்தார்கள் என்று பார்த்தார்கள். ராபர்ட்டோ கிளெமென்ட்டி 18 தடவை, நூற்றுக்கு 40. மேக்ஸ் ஆல்விஸ் 7 தடவை; நூற்றுக்கு 15.6. பதினெட்டுப் பேருக்கும் சராசரி 26.5. மீதி சீசனில் என்ன ஆயிற்று? கிளெமென்ட்டி 34.6-க்கு இறங்கினார். ஆல்விஸ் 20-க்கு ஏறினார். ஆரம்பக் கணக்கை அப்படியே நம்பாமல், உயரத்தில் இருப்பவரைச் சற்று இறக்கி, பள்ளத்தில் இருப்பவரைச் சற்று ஏற்றி, சராசரிப் பக்கம் இழுத்து மதிப்பிட்டால், மொத்தப் பிழை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது என்று காட்டினார்கள்.

ஆனால் கிளெமென்ட்டி சராசரிக்கு இறங்கிவிடவில்லை, கவனியுங்கள். அவர் மெய்யாகவே பெரிய ஆட்டக்காரர். வருஷக்கணக்காக அப்படி ஆடியவர். ஆளின் பழைய கணக்கையும் கூட வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

வருண் சக்ரவர்த்தியைப் பாருங்கள். மதுரை அணிக்கு ஆடி 2018-ல் கோப்பை வாங்கியவர். அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் அணி 8.4 கோடி கொடுத்தது. 2019-ல் ஒரே ஆட்டம். முதல் ஓவரிலேயே 25 ஓட்டம் கொடுத்தார். அப்புறம் விரலில் காயம். பஞ்சாப் விட்டுவிட்டது. கொல்கத்தா 4 கோடிக்கு, அதாவது பாதி விலைக்கும் கீழே, எடுத்தது. 2020 சீசனில் 17 விக்கெட். ஒரு வருஷத்தில் ஆள் மாறிவிட்டாரா? கை அதே கைதான். 8.4 கோடியும் அவசரம், கைவிட்டதும் அவசரம்.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு நினைவு வருவது கிரிக்கெட் அல்ல, அரையாண்டுத் தேர்வு.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அடுத்த மாதமே அரையாண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு பையன், காலாண்டில் கணக்கில் 74 வாங்கியவன், அரையாண்டில் 31. தேறக்கூடியவர்களைப் பிரித்துச் சாயங்காலம் தனி வகுப்பு எடுப்பது எங்கள் வழக்கம். 35-க்குக் கீழே இருந்தால் அதில் இடமில்லை. பட்டியல் போட்டது நான்தான். காலாண்டு மார்க்கைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வீடு ஆற்றங்கரையில் என்பதும், புத்தகம் நோட்டு எல்லாம் வெள்ளத்தோடு போனதும் பிற்பாடு இன்னொரு பையன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் பொங்கல் முடிந்து அவன் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தியிருந்தான். வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். குடும்பமே வேலைக்கு வெளியூர் போய்விட்டது என்றார்கள். மார்ச் பரீட்சையில் அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதியதும் நான்தான்.

ஒரு பரீட்சை, ஒரு மார்க். ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. எஃப்ரான் கட்டுரை அப்போதே வெளிவந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. வாசித்திருந்தாலும் பிள்ளைகள் விஷயத்தில் அதை நினைத்திருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

பேரன் நோட்டோடு வந்தான். “தாத்தா, இவன் நாலு மேட்ச்ல 40 ரன்தான் எடுத்திருக்கான். கொடுத்திரவா?”

“போன வருஷம் எவ்வளவு எடுத்தான்?”

“அது பாக்கல.”

“எத்தனாவது ஆளா இறங்குதான்?”

“முந்தி ஓப்பனிங். இப்பம் ஏழாவதா இறக்குதாங்க.”

“கையில அடி எதுவும் பட்டிருக்கா? இன்னும் எத்தனை மேட்ச் பாக்கி இருக்கு?”

பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “அத்தனையும் பாத்துட்டு வரணுமாக்கும்?” என்றான்.

“பாத்துட்டு வாலே. நான் இங்கனதான் இருப்பேன்.”