ராஜநாயக்கனுக்குத் தரப்படாத குருப்பட்டம்

நாங்கள் களப்பணிக்குப் போகும் ஓர் ஊரில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் சிலுவைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. போன முறை அங்கே சென்றபோது ஒரு பாட்டி கேட்டார்: "ஆண்டவர் நம்மள மீட்டுட்டாருன்னு வாரா வாரம் கோயில்ல சொல்றாங்க. மீட்டாச்சுன்னா இந்தச் சுவரு எதுக்குப்பா?" அன்று எங்களிடம் பதில் இல்லை. பதிலைத் தேடி வரலாற்றுக்குள் போனோம்.

மீட்பு என்ற சொல்லை நம் வீடுகளில் எப்போது பயன்படுத்துகிறோம்? அடகு வைத்த நகையையும் நிலத்தையும் கடன் அடைத்து எடுக்கும்போது. விவிலியத்திலும் அது கடனோடும் அடிமைத்தனத்தோடும் ஒட்டிய சொல்தான். வறுமையால் நிலத்தை விற்றவனுக்காகவும், அந்நியனிடம் தன்னையே விற்றுக்கொண்டவனுக்காகவும் நெருங்கிய உறவினன் விலை கொடுத்து மீட்கலாம் என்கிறது லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம். மீட்கும் உரிமையும் கடமையும் உறவிலிருந்து வருகின்றன. ரூத்தின் கதையில் மீட்கும் முறை உள்ள ஒருவன் முதலில் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறான். மோவாபியப் பெண்ணான ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும், தன் சொந்தச் சுதந்தரம் கெட்டுவிடும் என்று சொல்லிப் பின்வாங்குகிறான். பிறகு போவாஸ் முன்வந்து அவளை மீட்கிறான். பின்வாங்கியவனின் பெயரை அந்தப் புத்தகம் சொல்லவே இல்லை.

இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போவோம். 1706இல் சீகன்பால்கும் புளுட்சாவும் அங்கே வந்து இறங்கினார்கள். 1707 மே மாதம் அவர்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். தமிழ் மண்ணின் சீர்திருத்தச் சபை அடிமைகளிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் சபை வளர வளர, ஊரில் இருந்த சாதி ஆலயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் 'சூத்திரக் கிறிஸ்தவர்களும்' 'பறையர் கிறிஸ்தவர்களும்' தனித்தனியாகவே அமர்ந்தார்கள். மிஷனரிகள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சூழலில்தான் ராஜநாயக்கன் வருகிறார். பெயரைப் பார்த்துச் சாதியைத் தவறாகக் கணித்துவிட வேண்டாம். அவர் பறையர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தஞ்சை மன்னரின் படையில் வேலை பார்த்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதி 1725 வாக்கில் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துத் தரங்கம்பாடி மிஷனோடு தொடர்பு கொண்டார். பிறகு படை வேலையை விட்டு உபதேசியார் ஆனார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அவர் குடும்பம் தாக்குதலுக்கு உள்ளானது. ஆனாலும் அவர் விலகவில்லை. 1771இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தார்.

இதே காலத்தில்தான் மிஷன் உள்ளூர்ப் போதகர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 1733இல் வேளாளரான ஆரோனுக்கும், 1741இல் தியோகுவுக்கும் பட்டம் கிடைத்தது. ராஜநாயக்கனின் பெயரும் பேசப்பட்டது. அவருடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ உழைப்பிலோ யாரும் குறை காணவில்லை. பறையர் ஒருவரின் கையிலிருந்து மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. அவர் நற்செய்தி சொல்லலாம், அடி வாங்கலாம், சபையைக் கட்டலாம். அப்பத்தைப் பிட்டுக் கொடுக்க மட்டும் கூடாது. ரூத்தின் கதையில் பின்வாங்கியவன் சொன்ன அதே காரணம்தான் இது. இவரை உறவாக ஏற்றால் நம் சபை என்ன ஆகும் என்ற பயம்.

இப்படிப்பட்ட வாழ்க்கைகளைப் பணிவுக்கும் பொறுமைக்கும் உதாரணமாகக் காட்டுவது சிலருக்கு வழக்கம். அதை நாங்கள் ஏற்கவில்லை. 'கர்த்தர் உண்மையுள்ளவர்' என்று நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். சொன்ன வாக்கை விடாதவர், உறவை முறிக்காதவர் என்பது அதன் பொருள். அந்த உண்மைக்கு ராஜநாயக்கனின் நாற்பது ஆண்டுகள் சாட்சி. அவருக்குப் பட்டம் மறுத்த முடிவு, சபை அதே உண்மையோடு நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி. முதலாவதைப் புகழ்ந்து இரண்டாவதை மறைப்பது நேர்மை ஆகாது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு இனி கூடாது என்று உத்தரவிட்டார். உடனே சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துவை விடச் சாதி பெரிதாக இருந்தது.

விடுதலைக்குப் பிறகு அரசும் இதே கணக்கில் சேர்ந்துகொண்டது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை, அரசு கொடுத்த இலவசக் கடைப் பெட்டி தனக்கு மதத்தின் பேரால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை எனச் சொல்லி 1985இல் நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. நிரூபணம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வரலாம்.

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதை வரவேற்கிறோம். ஆனால் டெல்லியிடம் நீதி கேட்கும் சபைகள் முதலில் தங்கள் வீட்டுக் கணக்கைத் தீர்க்க வேண்டும். பாட்டிக்கு இப்போது எங்களால் பதில் சொல்ல முடியும். ஆண்டவர் மீட்டதில் குறை இல்லை. மீட்கப்பட்டவரை உறவாக ஏற்க வேண்டியவர்கள் 1741இல் பின்வாங்கினார்கள், இன்னும் முன்வரவில்லை. அந்தச் சுவரை இடிக்க நீதிமன்றத் தீர்ப்போ அரசாணையோ தேவையில்லை. சபைக் கமிட்டியின் ஒரு தீர்மானமும் நாலு கடப்பாரையும் போதும்.