மேட்டூர் மதகும் நம்ம ஊர்ப் படித்துறையும்

ஆடிப் பதினெட்டுக்கு இன்னும் நான்கே நாள். பிள்ளைகளோடு ஆற்றுக்குக் கிளம்புவீர்கள். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. (பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள்!)

என் பாட்டி அணைக்கு முந்தைய காவிரியைப் பார்த்தவர். 1924 பெருவெள்ளத்தையும் பார்த்தவர். குடகில் மழை பிடித்தால் இங்கே தண்ணீர் முதலில் செம்மண்ணாகும், பிறகு நுரை வரும், அப்புறம் செத்தையும் கிளையும் வரும். நுரையைக் கண்டதுமே கரையேறிவிடுவோம் என்பார்.

1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு சுமார் 93.5 டி.எம்.சி. அதன்பின் நம் ஆற்றில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மதகின் கையில். வண்டல் அணையிலேயே தங்கிவிடுகிறது; பாட்டி சொன்ன அடையாளங்களை இனி நம்ப முடியாது. இங்கே வெயில் கொளுத்தும்போதே நீர்மட்டம் ஏறும். மிஞ்சிய வெள்ளம் முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். 2018 ஆகஸ்டில் அந்த வேகம், 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகளையே அடித்துப்போனது.

ஜூன் 12, மேட்டூர் திறப்பு, குறுவை. இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அந்தத் தேதிக்கும் நம் படித்துறைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவன், நல்ல நீச்சல்காரன். கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தவன், அடுத்த அடியில் மணல் அள்ளிய குழிக்குள் போய்விட்டான். மேலே தண்ணீர் சமமாகத்தான் தெரிந்ததாம். பின்னாலேயே குதித்த அண்ணனை, கரையில் நின்ற ஒருவர் வேட்டியை அவிழ்த்து வீசி இழுத்தார். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட எனக்குப் பல நாள் ஆயிற்று.

உங்களில் சிலர் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உங்கள் பிள்ளைகளோ ஆறு வறண்டு கிடந்த வருடங்களில் வளர்ந்தவர்கள். பலருக்கு நீச்சலே தெரியாது. அணையிலிருந்து எவ்வளவு கனஅடி விடுகிறார்கள் என்று காலையிலேயே செய்தி பாருங்கள். மதகுப் பக்கமும் மணல் எடுத்த இடமும் வேண்டவே வேண்டாம். யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள், கயிறோ சேலையோ வீசுங்கள்.

எங்கள் வீட்டில் சித்ரான்னக் கூடையோடு இருபது முழக் கயிறும் எடுத்து வைத்தாயிற்று. பேரன் சிரிக்கிறான்.