மண் சரிந்த இடத்தில் மறுபடியும் வீடா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மலைநாட்டில் பலரைக் கொன்றது காற்றல்ல, மண்சரிவு. அந்தப் படங்களைத் தொலைபேசியில் பார்த்த நம் வயதுப் பிள்ளைகள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அது ஆபத்தான இடம் என்று தெரியும்தானே? பிறகு ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? ஏன் அங்கேயே திரும்பக் கட்டுகிறார்கள்?"

கேள்வி நியாயமானது. இஷொய் சமதரை. மலை நகர்வதை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. நம் பெற்றோரில் பெரும்பாலானோர் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்தவர்கள் என்பதால், மலையகத் தமிழரின் கதை நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதும் இல்லை. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஓர் ஊருக்குப் போவோம். அதன் பெயர் மீரியபெத்த.

பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டம் அது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பல நாள் மழைக்குப் பிறகு, மேலே இருந்த மலைச்சரிவு கழன்று கீழே இறங்கியது. லயன்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. லயன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த சிறிய அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம். அன்று காலை பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் உயிர் தப்பினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. முதலில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்று செய்திகள் சொல்லின. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 37 பேர் என்று அரசு பின்னர் கணக்குக் கூறியது. எல்லா உடல்களும் கிடைக்கவில்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே தெரியுமா? தெரியும். இலங்கையில் மண்சரிவு அபாயத்தை ஆராய்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அது 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்ததாக அனர்த்தத்துக்குப் பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். அந்த லயன்கள் நின்றது முன்னொரு காலத்தில் சரிந்து வந்து தேங்கிய மண்ணின் மேல். இப்படிப்பட்ட மண் இறுகிய பாறை போல அல்ல. மழைநீர் உள்ளே இறங்கும்போது மண்துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் கூடுகிறது, துகள்களின் பிடி தளர்கிறது. ஓர் எல்லைக்குப் பிறகு சரிவு முழுவதும் ஒன்றாக நகர்ந்துவிடும்.

"எச்சரித்தோம், அவர்கள் போகவில்லை" என்றது ஒரு பக்கம். "போகச் சொன்னீர்கள், எங்கே போவது என்று சொன்னீர்களா? ஒரு துண்டுக் காணி தந்தீர்களா?" என்று கேட்டது மறுபக்கம். இந்த இரண்டாவது கேள்வியை விளங்கிக்கொள்ள இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் மலைக்காடுகளை வெட்டி முதலில் கோப்பியும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலையும் பயிரிட்டார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கான லயன்கள் எங்கே நிற்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகமே தீர்மானித்தது. வேலைக்காடு பக்கத்தில் இருக்க வேண்டும், நல்ல நிலம் தேயிலைக்கு வேண்டும். அதில் குடியிருக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

1948 இல் நாடு சுதந்திரம் அடைந்த அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பிரச்சினை சட்டத்தில் முடிவுக்கு வர 2003 ஆகிவிட்டது. இடையில் 1972 இலும் 1975 இலும் அரசு தோட்டங்களைத் தன்வசமாக்கியது. 1992 இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. முதலாளி மாறினாலும் ஒன்று மாறவில்லை: லயன் அறை அதில் வாழ்பவருக்குச் சொந்தம் இல்லை. அது வேலையோடு ஒட்டிய கூரை. அதை விற்க முடியாது, அடகு வைத்து வேறிடத்தில் காணி வாங்கவும் முடியாது.

இப்போது டென்மார்க்குக்கு வருவோம். வட யூலண்டில் ருப்யேர் க்னூத என்ற கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1900 இல் கட்டியது. கடல் கரையை அரித்து அரித்து அதற்குச் சில மீற்றர் தூரத்துக்கு வந்துவிட்டது. 2019 ஒக்டோபர் 22 அன்று அந்தக் கோபுரத்தைச் சில்லுகளில் ஏற்றி, தண்டவாளத்தில் 70 மீற்றர் உள்ளே நகர்த்தினார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அது ஒளி கொடுப்பதை 1968 இலேயே நிறுத்திவிட்டது, அதற்குள் யாரும் வசிக்கவும் இல்லை. என்றாலும் விழுவதற்கு முன் நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்ய ஆட்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, வைப்பதற்கு நிலமும் இருந்தது. மீரியபெத்தயில் எச்சரிக்கை இருந்தது. மற்ற மூன்றும் இல்லை.

சரிவுக்குப் பிறகு தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள். பின்னர் பல குடும்பங்கள் மாக்கல்தெனியவில் இயங்காமல் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் வாழ்ந்தன. பழைய இடத்தில் கட்டுவதில்லை என்பது முடிவாகிவிட்டது. ஆனால் புதிய இடம் கிடைக்க ஏறக்குறைய இரண்டு வருடம் சென்றது. 2016 ஒக்டோபரில் மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன.

அதே 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அங்கே பெரும்பாலும் சொந்தக் காணியில் வாழ்ந்த கிராமத்தவர்கள். அரசு தரும் காணியில் கட்டலாம், அல்லது உதவித்தொகை பெற்றுத் தாங்களே காணி தேடலாம் என்று அவர்களுக்குத் தெரிவுகள் இருந்தன. அவர்களுடைய துயரமும் சிறியதல்ல. ஆனால் தெரிவு செய்யும் உரிமை காணி உள்ளவரிடம் எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது பாருங்கள்.

மாக்கல்தெனிய வீடுகளோடு கதை முடியவும் இல்லை. 2023 மார்ச்சில் பக்கத்துப் பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயன்கள் உடைந்தன. பிறகு டித்வா வந்தது.

சரிந்த மண்ணின் மேல் திரும்பக் கட்டக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் "கட்டாதே" என்று சொல்கிற வாய் "இதோ காணி" என்றும் சொல்ல வேண்டும். அந்தக் காணி வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடக்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழுந்து பறிக்கப் போகிறவர் பஸ் காசுக்கே சம்பளத்தைக் கொடுக்க நேரும், பிறகு மெல்ல மெல்லப் பழைய லயனுக்கே திரும்பிவிடுவார். அதை அறியாமை என்று இங்கிருந்து சொல்வது சுலபம்.

புயலுக்குப் பிறகு நீங்களும் காசு சேர்த்திருப்பீர்கள், இனியும் சேர்ப்பீர்கள். வீடு கட்ட என்று யாராவது கேட்டால் கொடுங்கள். கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். அந்த நிலத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து எழுத்தில் சம்மதம் தந்ததா? காணி உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும்? அங்கே குடியிருக்கப் போகிற குடும்பங்கள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார்களா, என்ன சொன்னார்கள்? மூன்றாவது கேள்வியை அந்த மக்களிடம் இருநூறு வருடமாக மிகச் சிலரே கேட்டிருக்கிறார்கள்.