கோணல் அறையும் சீரான மரச்சுவரும்

செதுக்கு வேலை கொண்ட மரப்பலகைகளால் அறையின் சுவர் முழுவதையும் போர்த்தும் கலை, 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரப் பிரபுக்களின் மாளிகைகளில் உச்சத்தை எட்டியது. ‘புவாசெரி’ எனப்படும் இந்த வேலைக்குச் சமச்சீரே உயிர். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கத்திலும் இருக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றுக்கொன்று விடை சொல்ல வேண்டும். ஆனால் பலகை ஏற வேண்டிய அறைகளில் பல அப்படிக் கட்டப்பட்டவை அல்ல. குறையுள்ள அறைக்குள் குறை தெரியாத ஒழுங்கை உண்டாக்கக் கட்டடக் கலைஞரும் தச்சரும் கண்ட வழிகள் இக்கலையின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

சுவரைப் பலகையால் மூடும் வழக்கம் குளிரிலிருந்து பிறந்தது. ஐரோப்பாவின் கல் வீடுகளில் மரம் ஈரத்தையும் குளிரையும் தடுத்தது. ஈரம் ஏறும்போது மரம் அகலவாக்கில் உப்பும், காயும்போது சுருங்கும். அகன்ற பலகையை இறுக ஆணியடித்தால் அது வெடித்துவிடும். அதனால் நான்கு பக்கமும் சட்டம் அமைத்து, சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்து, அதற்குள் பலகையைப் பசையின்றிச் செருகும் முறை 15ஆம் நூற்றாண்டில் பரவியது. பலகை காடிக்குள் அசையலாம், சட்டம் அசையாது. பிற்காலத்துச் சுவர் வேலை எல்லாம் இந்த அமைப்பின் மீதே நின்றது.

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிறு சிறு ஓக் கட்டங்களைச் சுவர் நெடுகிலும் வரிசையாக ஓட்டுவது வழக்கம். கதவும் சன்னலும் எங்கே வருகின்றன என்பதை அந்தக் கட்டங்கள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. பதினான்காம் லூயி காலத்துப் பிரான்சில் நிலை மாறியது. பலகைகள் உயர்ந்து அகன்றன. நாற்காலியின் முதுகு உயரத்தில் ஒரு கிடைப்பட்டி ஓடியது. அதன் கீழே குட்டைப் பலகைகள், மேலே நெட்டைப் பலகைகள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்ப்பு முறையால் பெரிய கண்ணாடிகள் கிடைத்தன. கணப்புக்கு மேலே உயர்ந்த கண்ணாடி வைப்பது பரவியது. கணப்பும் கண்ணாடியும் சேர்ந்து சுவருக்கு ஒரு நடுக்கோட்டைத் தந்தன. நடுக்கோடு வந்ததும் இருபுறமும் உள்ள ஏற்றத்தாழ்வு கண்ணில் உறுத்தத் தொடங்கியது.

ஏற்றத்தாழ்வுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, மனைகளின் வடிவம். பாரிஸின் பழைய தெருக்கள் கோணலாக ஓடின, மனைகளும் கோணலாயின. அந்துவான் லெ போத்ர் 1650களில் கட்டிய போவே மாளிகை இதற்குப் பேர்பெற்ற சான்று. தாறுமாறான மனையின் நடுவில் சமச்சீரான முற்றத்தை அமைத்த அவர், மிஞ்சிய கோணல்களைச் சுற்றியுள்ள அறைகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் தள்ளிவிட்டார். இரண்டாவது காரணம் கதவு வரிசை. ஓர் அறையில் நின்றால் அடுத்தடுத்த அறைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும் என்பது அக்கால நாகரிகம். அந்தக் கோடு பெரும்பாலும் சன்னல் ஓரமாகவே சென்றதால், கதவு சுவரின் ஒரு முனைக்கு ஒதுங்கிவிட்டது.

முதல் பரிகாரம் பொய்க்கதவு. உண்மையான கதவுக்கு ஈடாக மறுமுனையில் அதே அளவில், அதே செதுக்கலுடன் இன்னொரு கதவு வைத்தார்கள். அதற்குப் பின்னால் ஓர் அலமாரியோ வெறும் சுவரோ இருக்கும். சன்னல் இல்லாத பக்கத்தில் சன்னலின் அளவுக்கே கண்ணாடி பதித்து ஈடுகட்டினார்கள்.

எஞ்சியதைத் தச்சர் கவனித்தார். அவர் பலகையை நேரடியாகக் கல்லில் அறையவில்லை. சுவரில் மரக்கட்டைகளைப் பதித்து, தூக்குக்குண்டு கொண்டு அவற்றின் முகங்களை ஒரே நேருக்குக் கொண்டுவந்து, அதன்மேல் சட்டங்களை நிறுத்தினார். சுவரின் வளைவும் புடைப்பும் பின்னால் உள்ள இடைவெளியில் மறைந்தன. அளவு பிரிப்பதை அறையின் மூலையிலிருந்து தொடங்காமல் கணப்பின் நடுக்கோட்டிலிருந்து தொடங்குவதே நல்ல முறை. கண் முதலில் பார்க்கும் அகன்ற பலகைகள் இருபுறமும் ஒரே அளவில் இருக்கும். அவற்றுக்கிடையே வரும் ஒடுங்கிய பலகைகளும் சட்டங்களும் வித்தியாசத்தை ஏற்கும். ஒரு பக்கம் 12 செ.மீ. கூடுதலாக இருந்தால், அதை ஒரே இடத்தில் விட்டால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆறு இடங்களில் 2 செ.மீ. வீதம் பிரித்தால் எளிதில் தெரியாது.

செங்கோணமாக அமையாத மூலைகளை வளைத்துவிடுவதும் ஒரு வழி. மூலை வளைந்தால் கோணத்தை அளந்து பார்க்கக் கண்ணுக்கு இடமில்லை. இந்த வளைவை முழு அறைக்கும் விரித்துக் காட்டியது சுபீஸ் மாளிகையில் ஜெர்மேன் போஃப்ரான் 1730களில் அமைத்த நீள்வட்டக் கூடம். அங்கே சன்னலும் கதவும் கண்ணாடியும் ஒரே வகை வளைவுகளுக்குள் அமைந்திருப்பதால், எட்டு வளைவுகளும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இதே காலத்தில் சிப்பி, இலை, கொடி வடிவங்களை வேண்டுமென்றே ஒருக்களித்துச் செதுக்கும் ரொக்கோகோ பாணி ஓங்கியது. ரஷ்யாவில் மகா பீட்டரிடம் பணியாற்றித் திரும்பிய நிக்கொலா பினோ இதில் வல்லவர். அப்போதும் சுவரின் பகுப்பு குலையவில்லை. ஒரு பலகையில் கொடி இடப்பக்கம் சாய்ந்தால், அதன் இணைப்பலகையில் வலப்பக்கம் சாய்ந்தது. செதுக்கலில் சுதந்திரமும் பகுப்பில் கட்டுப்பாடும் ஒன்றாக இருந்தன.

இந்தத் தொழிலறிவை எழுத்தில் நிலைநிறுத்தியவர் அந்திரே ரூபோ. தாமே தச்சரான அவர், 1769 முதல் 1775 வரை வெளிவந்த தம் பெருநூலில் சுவர்ப் பலகை வேலையையும் விளக்கினார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் ஆதரவாளர்கள் சிதறினர். சுவர்த்தாள் மலிவான மாற்றாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் பல மாளிகைகள் இடிபட்டன. பலகைகள் கழற்றி விற்கப்பட்டன. அவற்றில் சில இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓர் அறைக்கென அளந்த பலகை வேறோர் அறைக்கு அப்படியே பொருந்துவதில்லை. இடம் மாறிய தொகுதிகளில் புதுப் பட்டைகளைச் சேர்க்கவும் பழையவற்றைக் குறைக்கவும் நேர்ந்தது. ஒவ்வொரு மரச்சுவரும் தன் அறையின் குறைகளுக்கென்றே செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட வலுவான சான்று இல்லை.