பழைய பொறியாய் நடிக்கும் புதிய பொறி

1964-இல் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 கணிப்பொறி வரிசையை அறிவித்தது. 1401 என்ற பழைய பொறிக்கு எழுதிய நிரல்களைக் கைவிட வாடிக்கையாளர்களுக்கு மனமில்லை. ஆகவே புதிய பொறியே பழையதைப்போல் நடந்துகொள்ள வழி செய்யப்பட்டது. அந்நிறுவனப் பொறியாளர்கள் இதனை 'எமுலேஷன்' என்றனர். சம்பளப் பட்டியலுக்கும் சரக்குக் கணக்கிற்கும் பயன்பட்ட இவ்வுத்திதான் பின்னாளில் விளையாட்டுக்கு வந்து சேர்ந்தது!

1989-இல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட 'கேம் பாய்' கைக்கருவியை எடுத்துக்கொள்வோம். அதன் கடிகாரத் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 42 லட்சம், திரையில் 160 × 144 புள்ளிகள், சாயல்கள் நான்கே. இன்றைய கைக்கருவியின் செயலிக்கு அதன் கட்டளைகள் புரியா. எனவே இடையிலுள்ள மென்பொருள் ஒவ்வொரு கட்டளையையும் படித்து, பொருளறிந்து, புதிய செயலியின் கட்டளைகளால் நிறைவேற்றுகிறது. பழைய கட்டளை ஒன்றுக்குப் புதியவை பல தேவைப்படும். இதனால் வேகம் குறைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்மையில் இன்றைய செயலியை இழுத்துப் பிடிப்பதே வேலை. நொடிக்குச் சுமார் 60 படங்கள் என்ற தாளம் தவறினால் ஆட்டம் தலைதெறிக்க ஓடும்.

பழைய விளையாட்டுப் பேழைகள் பலவற்றில் ஆட்டக்காரர் எட்டிய நிலையைக் காத்துவந்தது ஒரு சிறு லித்தியம் மின்கலம். அது தீர்ந்ததும் அந்நினைவு அழிந்துவிடும். அதற்கு முன்பே படியெடுத்து வைத்தவர்கள் மட்டும், சிறுவயதில் விட்ட இடத்திலிருந்து இன்றும் ஆடுகிறார்கள்.