நாணலும் தருப்பையும்: பெயர் மயக்கமும் இன வேறுபாடும்

தருப்பை என்னும் பெயர் இன்று இருவேறு புல்லினங்களுக்கு வழங்குகின்றது. ஒன்று டெஸ்மோஸ்டாக்கியா பைபின்னேட்டா. மற்றொன்று இம்பெராட்டா சிலிண்ட்ரிக்கா. நாணல் என்பதும் அவ்வாறே சக்காரம் ஸ்பான்டேனியம், ஃபிராக்மைட்டிஸ் கர்க்கா ஆகிய இரண்டையும் சுட்டும். பழந்தமிழ் நூல்களின் புற்பெயர்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவோர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்து எழுதிவிடுதல் எளிது. அத்தெரிவுக்குச் சான்று வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வன்மையுடையதனைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையதனை மரம் என்றும் வகுக்கின்றது. பனையும் அவ்வகையிற் புல்லேயாம். புல்லுக்குள் புல்லைப் பிரித்தறிதல் அந்நூலின் நோக்கமன்று.

இம்மயக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. லின்னேயஸ் 1759இல் இம்பெராட்டாவை லாகுரஸ் என்னும் பேரினத்துள் வைத்தார். லமார்க் அதனைக் கரும்பின் பேரினமாகிய சக்காரத்திற் சேர்த்தார். 1792இல்தான் சிரில்லோ அதனைத் தனிப்பேரினமாக்கினார். டெஸ்மோஸ்டாக்கியாவோ பிரைசா, எராகிராஸ்டிஸ் எனப் பெயர் மாறி, 1900இல் ஸ்டாஃப் இட்ட இன்றைய பெயரைப் பெற்றது.

இலையை மட்டும் நோக்கின் தடுமாற்றமே மிகும், பூங்கதிரே துணை. இம்பெராட்டாவின் கதிர் உருளை வடிவினது, வெண்பட்டுப் போன்றது. அதன் இணைச் சிறுகதிர்கள் இரண்டிற்கும் காம்பு உண்டு. சக்காரத்தில் இணையுள் ஒன்று காம்பற்றது. முதிர்ந்தபின் கதிரின் அச்சு கணுக்கணுவாக ஒடியும். சக்காரத்தின் மயிர் சிறுகதிரின் அடியில் தோன்றும். ஃபிராக்மைட்டிஸில் சிறுகதிருக்குள்ளேயே தோன்றும். டெஸ்மோஸ்டாக்கியாவிற்குப் பட்டுமயிரே இல்லை.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அங்கு பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் கரும்போடு நாணலாகிய சக்காரம் ஸ்பான்டேனியத்தைக் கலந்தனர். அதிற் பிறந்த கோ 205 வடஇந்தியக் குளிரைத் தாங்கியது. 1918இல் பஞ்சாபிற்கு வழங்கப்பெற்றது. நாணல் என்னும் பெயரை நம்பி ஃபிராக்மைட்டிஸை நாடியிருப்பின் இக்கரும்பு தோன்றியிராது. 1930களில் அங்குப் பணியாற்றிய ஈ. கே. ஜானகி அம்மாள் கரும்பை இம்பெராட்டாவோடும் கலந்து காட்டினார். லமார்க்கின் பகுப்பு தவறாயினும் உறவு பற்றிய அவர் ஊகம் முற்றும் பிழையன்று எனலாம்.

இனி நூற்பொருளுக்கு வரின், தருப்பை என்ற சொல்லோடு வெண்பூவும் கூறப்பட்டிருப்பின் அது டெஸ்மோஸ்டாக்கியா ஆகாது. ஆற்றங்கரையும் ஆளுயரமும் வெண்கதிரும் சேர்ந்து வரின் இம்பெராட்டாவை விலக்கலாம். ஃபிராக்மைட்டிஸை விலக்க இவை போதா. வேள்விச் சூழலில் கூரிய இலை மட்டும் சுட்டப்படுமிடத்து, தருப்பைகள் இரண்டனுள் எது என்பதைத் துணிய இயலாது. ஆங்கு இரண்டு பெயரையும் தருதலே பதிப்பாசிரியர்க்குப் பொருந்தும்.