சதுரத்தின் மேல் ஒரு வட்டம்

கட்டடக்கலை வரலாற்று நூல்களைப் புரட்டும்போது ஸ்க்விஞ்ச், பெண்டென்டிவ், முகர்னாஸ் முதலிய சொற்கள் உங்களை மிரட்டியிருக்கலாம். இவை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட வேண்டிய சொற்களா? அல்ல. ஒரே கணக்கைச் சுற்றிப் பிறந்த சொற்கள் இவை. சதுரமான அறையின் மேல் வட்டமான குவிமாடத்தை எப்படி அமர்த்துவது என்பதே அக்கணக்கு.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் எழுந்த பாந்தியன் கோயிலில் இச்சிக்கல் இல்லை. சுமார் 43 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம் வட்டச் சுவரின் மேலேயே அமர்ந்துள்ளது. சுவரின் தடிப்போ சுமார் 6 மீட்டர்! எதற்காக இவ்வளவு தடிப்பு?

சுவரில் சாய்த்த ஏணியை எண்ணிப் பாருங்கள். அதை எவ்வளவு தாழ்வாகச் சாய்க்கிறோமோ, அவ்வளவு வேகமாக அதன் அடி வழுக்கப் பார்க்கும். குவிமாடமும் அத்தகையதே. அதன் விளிம்பு கீழ்நோக்கி அழுத்துவதோடு வெளிப்புறமும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசையைத் தாங்கவே அத்தனை பெரிய சுவர்.

இனி, ஒரு சதுரத்துக்குள் வட்டம் வரையுங்கள். நான்கு இடங்களில்தான் அது பக்கங்களைத் தொடும். மூலைகளை ஒட்டிய பகுதிகளில் குவிமாடத்தின் அடி அந்தரத்தில் நிற்கும். அங்கே எதன்மேல் அதை வைப்பது?

பாரசீகத்தார் ஒரு விடை கண்டனர். 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஃபிரூசாபாத் அரண்மனையில், ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே ஒரு வளைவை எழுப்பினர். சதுரம் எண்கோணத்தை ஒத்ததாயிற்று. எண்கோணம் வட்டத்துக்கு நெருங்கியதல்லவா? இந்த மூலை வளைவே ஸ்க்விஞ்ச். தில்லியில் 1311-இல் கட்டப்பட்ட அலாய் தர்வாசாவிலும் இதைக் காணலாம். தேன்கூட்டின் அறைகளைப் போன்ற சிறு மாடங்களை அடுக்கி இத்தகைய இடங்களை அழகுபடுத்தும் இஸ்லாமியக் கலையே முகர்னாஸ். ஸ்பெயினிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனை இதற்குப் புகழ்பெற்றது.

கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) வேறொரு விடை பிறந்தது. அங்கே 532 முதல் 537 வரை ஹேகியா சோபியா பேராலயத்தைக் கட்டிய அந்தேமியஸ், இசிடோரஸ் இருவரும் வடிவியல் வல்லுநர்கள். நான்கு பெருந்தூண்களின் மேல் நான்கு வளைவுகளை எழுப்பி, அவற்றின் இடைவெளிகளை வளைந்த முக்கோணங்களால் நிரப்பினர். கீழே கூம்பி மேலே விரியும் அம்முக்கோணங்களின் மேல்விளிம்புகள் ஒன்றுகூடி வட்டமாயின. இவையே பெண்டென்டிவ். லத்தீன் மொழியில் 'தொங்குதல்' என்பது இதன் வேர்ப்பொருள். பார்வைக்குத் தொங்கினாலும், சுமார் 31 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் எடையைத் தூண்களுக்கு இறக்குபவை இவைதாம்.

ஆனால் முதல் குவிமாடம் மிகவும் தட்டையானது. நிலநடுக்கங்களால் தளர்ந்த அது 558-இல் இடிந்து விழுந்தது. இளைய இசிடோரஸ் புதிய குவிமாடத்தை ஏறத்தாழ 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார். பணி 562-இல் நிறைவுற்றது. உயரம் கூடியதால் வெளிப்புறத் தள்ளுவிசை குறைந்தது. ஏணியை நிமிர்த்தி வைத்தது போலத்தான்! 10, 14-ஆம் நூற்றாண்டுகளில் சில பகுதிகள் விழுந்து செப்பனிடப்பட்டபோதிலும் அக்குவிமாடம் இன்றும் நிற்கிறது.

ஆகவே நண்பர்களே, இத்தகைய சொல்லை அடுத்த முறை காணும்போது, "இங்கே எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது?" என்று கேளுங்கள். விடை கிடைத்துவிட்டால் சொல் மறக்காது.